டியரா, ஹாயா, ரெஸ்பெக்டட் சாரா? இங்கிலீஷ் மெயில்ல முதல் வரிக்கு எதை போடுறது

மெயில் முழுக்க டைப் பண்ணி முடிச்சாச்சு, அட்டாச்மென்ட்டும் போட்டாச்சு, முதல் வரி மட்டும் காலியா கிடக்கு. "டியர்"னு போட்டா வழியுற மாதிரி இருக்குமோ, "ஹாய்"னு போட்டா திமிருன்னு எடுத்துப்பாங்களோ, "ரெஸ்பெக்டட் சார்"னு போட்டா ஸ்கூல் லீவ் லெட்டர் மாதிரி ஆயிடுமோன்னு இந்த இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறவங்க ஏகப்பட்ட பேர். முதல் வேலைக்கு சேர்ந்தவங்க, ஃபாரின் புரொஃபசருக்கு பிஎச்டி சீட்டு கேட்டு எழுதுறவங்க, கிளையன்ட்டோட மெயில்ல பேசுறவங்க. இன்னொரு கூட்டமும் இருக்கு, வாட்சப்ல "தேங்க்யூ டியர்"னு ஒருத்தர் அனுப்பிட்டாரு, அதுக்கு என்ன அர்த்தம்னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கிறவங்க.

என் கணக்கு என்னன்னு முதல்லயே சொல்லிடுறேன். டியர்ங்கிற வார்த்தைக்கு அடுத்து என்ன நிக்குதோ அதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. பின்னாடி ஒரு பேரோ பதவியோ வந்தா அதுல அன்பெல்லாம் வடிஞ்சு போய் வெறும் வழக்கம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். பின்னாடி ஒண்ணும் வராம தனியா நின்னா மட்டும்தான் அது கொஞ்சல், சண்டையும் சந்தேகமும் வர்றது முக்காவாசி அந்த தனி டியர்லதான்.

## முதல்ல இந்த வார்த்தை யாருன்னு பாத்துடலாம்

டியர்னா நமக்கு உடனே வர்றது "அன்புள்ள". ஆனா பழைய இங்கிலீஷ்லேர்ந்தே இதுக்கு ரெண்டு முகம், பிரியமானதுன்னும் அர்த்தம், விலை கூடினதுன்னும் அர்த்தம். பிரிட்டன்ல வயசானவங்க கடையில ஒரு சாமானை தூக்கிப் பாத்துட்டு "டூ டியர்"னு சொல்லி திருப்பி வச்சா கட்டுப்படி ஆகலன்னு அர்த்தம். நம்ம ஊர்ல கவர்மென்ட் வேலை பாக்குறவங்க வீட்ல பொறந்து வளந்தவங்க இந்த ரெண்டாவது டியரை சின்ன வயசுலேர்ந்து கேட்டிருப்பாங்க, கவனிச்சிருக்க மாட்டாங்க. டி.ஏ. ஏறிடுச்சான்னு அப்பா பேப்பர்ல தேடுவாரே, அந்த டியர்னஸ் அலவன்ஸ், தமிழ்ல அகவிலைப்படி. ரெண்டாம் உலகப்போர் காலத்து விலைவாசி ஏத்தத்துல "டியர் ஃபுட் அலவன்ஸ்"னு வந்ததுதான் இது, இப்ப மத்திய அரசு ஜனவரி ஒரு தடவை ஜூலை ஒரு தடவைன்னு கணக்கு போட்டு மாத்துது. அந்த டியரும் லவ் லெட்டர்ல வர்ற டியரும் ஒரே டியர்தான். பற்றாக்குறைக்கு சொல்ற "டெர்த்" இதுலேர்ந்து வந்தது, "டார்லிங்"கும் இதே குடும்பம்.

லெட்டர் தலைப்புல போட்டுப் போட்டே இந்த வார்த்தை தேஞ்சு போச்சு. எவ்ளோ தேஞ்சு போச்சுன்னா, காந்தி 1939 ஜூலை 23ல ஹிட்லருக்கு எழுதின லெட்டரே "டியர் ஃப்ரெண்ட்"னுதான் ஆரம்பிக்குது. 1940 டிசம்பர்ல மறுபடி எழுதும்போது, உங்களை நண்பர்னு கூப்பிடுறது சம்பிரதாயத்துக்காக இல்ல, எனக்கு எதிரின்னு யாரும் கிடையாதுன்னு தனியா ஒரு விளக்கம் கொடுத்துதான் ஆரம்பிக்கிறார். நிஜமாத்தான் சொல்றேன்னு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலைமை அப்பவே வந்துடுச்சு பாருங்க.

## எதை வச்சு முடிவு பண்றது

இதுக்கு ரூல் புக் எல்லாம் தேட வேணாம், அனுப்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் விஷயத்தை மட்டும் பாத்தா போதும். அந்தப் பக்கம் இருக்கிறவங்க பேர் நமக்கு தெரியுமா, தெரியும்னா அதுல எது அவங்க பேர் எது அப்பா பேர்னு தெரியுமா (இது நம்ம ஊருக்கே உண்டான தனி தலைவலி, கீழ சொல்றேன்). அவங்க எந்த ஊர், ஏன்னா லண்டன்ல மரியாதையா தெரியுறது கோயம்புத்தூர்ல மொட்டையா தெரியும். இது மெயிலா, சாட்டா, நேர்ல பேசுறதா. ரெண்டு பேருக்கும் நடுவுல ஆண் பெண், சீனியர் ஜூனியர் வித்தியாசம் இருக்கா. கடைசியா, எனக்கு ரொம்ப பிடிச்ச ஃபார்வர்டு டெஸ்ட்: இந்த மெசேஜை நாளைக்கு எச்.ஆர். மேடமோ இல்ல அவங்க வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ திறந்து படிச்சா, கூட ஒரு விளக்கமும் இல்லாம, அது எப்படி தெரியும்? இந்த கடைசி கேள்வி ஒண்ணுலயே பாதி பேருக்கு பதில் கிடைச்சிடும்.

## டியர் போட்டு பேர்

இருக்கிறதுலயே சேஃப் இதுதான். வேலைக்கு அப்ளை பண்றது, விசா ஆபீஸ், பேங்க், யுனிவர்சிட்டி, முதல் தடவை எழுதுற கிளையன்ட், எல்லாத்துக்கும் இது போதும். பிரிட்டிஷ் முறையில பேரோட ஆரம்பிச்சா முடிக்கும்போது "யுவர்ஸ் சின்சியர்லி", "டியர் சார்"னு பேரில்லாம ஆரம்பிச்சா "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி", இது ஜோடி, மாத்தி போட்டா பழைய ஆளுங்க கண்டுபிடிச்சிடுவாங்க. அமெரிக்காவுல ஃபெய்த்ஃபுல்லி புழக்கத்துல இல்ல, "சின்சியர்லி" ஒண்ணோட முடிச்சுப்பாங்க, ஃபார்மல் லெட்டர்னா பேருக்கு அப்புறம் கமாவுக்கு பதிலா முக்காப்புள்ளி வைப்பாங்க.

ஒரு விஷயம் நம்ம ஆளுங்க அடிக்கடி தடுமாறுறது, மிஸ்டர் போட்டா அதுக்கு பின்னாடி குடும்பப் பேர்தான் வரணும். டேவிட் மில்லர்னு ஒருத்தர்னா "டியர் மிஸ்டர் மில்லர்" சரி, "டியர் டேவிட்" சரி, "டியர் மிஸ்டர் டேவிட்" சரியில்ல. நமக்கு அதுதான் நடுவாந்திரமா, நெருக்கமும் மரியாதையும் கலந்து இருக்கிற மாதிரி தோணும், செந்தில் சார்னு கூப்பிட்டுப் பழகின வாய் இல்லையா. அவங்க காதுக்கு அது ஒட்டாம கேக்கும்.

இதுல மறைஞ்சிருக்கிற செலவு என்னன்னா, நீங்க வழக்கம்னு நினைச்சு போட்டதை எதிர்ல இருக்கிறவங்க அர்த்தத்தோட படிச்சிட வாய்ப்பு இருக்கு. 2016 ஜூன்ல நடந்தது ஞாபகம் இருக்கா? பீகார் கல்வி அமைச்சர் அசோக் சௌத்ரி, புதிய கல்விக் கொள்கை எப்ப வரும்னு கேட்டு அப்ப மத்திய அமைச்சரா இருந்த ஸ்மிருதி இரானிக்கு ட்விட்டர்ல எழுதினார், "டியர்"னு ஆரம்பிச்சு, பேருக்குப் பின்னாடி "ஜி"யும் போட்டுத்தான் எழுதினார். பெண்களை எப்பலேர்ந்து டியர்னு கூப்பிட ஆரம்பிச்சீங்கன்னு அவங்க திருப்பி கேட்டாங்க, ஆபீஸ் மெயில் எல்லாம் இப்படித்தானே ஆரம்பிக்குதுன்னு அவர் சொன்னார், ரெண்டு பக்கமும் ஆள் சேர்ந்து அன்னைக்கு முழுக்க நாடே இலக்கணம் பேசுச்சு, கல்விக் கொள்கை கேள்வி அப்படியே காணாம போச்சு. என்னை கேட்டா அவர் எழுதினது தப்பே இல்ல, பேரும் இருந்துச்சு ஜியும் இருந்துச்சு. ஆனா அது நாலு பேர் பாக்க பொது இடத்துல போட்ட ட்வீட், அதுவும் எதிர்க்கட்சிக்காரர் போட்டது, அந்த இடத்துல டியர் கொஞ்சம் நக்கலா கூட கேக்கும். சண்டைக்கு போற லெட்டர்ல டியர் போட்டா சண்டை கூடத்தான் ஆகும், இதை மனசுல வச்சுக்கோங்க.

கவர்மென்ட் ஆபீஸ் பக்கம் இதுக்கு ஒரு அழகான தனி ஏற்பாடு இருக்கு. சாதாரண அபிஷியல் லெட்டர் "சார்" இல்ல "மேடம்"னு மொட்டையா ஆரம்பிக்கும், டியர் கிடையாது. ஒரு அதிகாரி இன்னொரு அதிகாரிக்கு பேர் சொல்லி, இதை நீங்களே கொஞ்சம் பாருங்கன்னு எழுதுற டி.ஓ. லெட்டர்ல மட்டும் "டியர் ஸ்ரீ" இன்னார்னோ "மை டியர்" இன்னார்னோ வரும். ஃபைல் அசையலன்னா டி.ஓ. போடுங்கன்னு சொல்றாங்களே, அதோட பலத்துல பாதி அந்த முதல் வரியிலதான் இருக்கு.

"மை டியர்"னு சொன்னதும் இன்னொண்ணு. பிரிட்டன்ல பேருக்கு முன்னாடி மை சேத்தா நெருக்கம் கூடும். நூறு வருஷம் முந்தின அமெரிக்க வழக்கம் நேர் எதிர், அங்க மை சேத்தாதான் ஃபார்மல், வெறும் டியர்னா நெருக்கம். ஒரே மொழி பேசுறவங்களுக்குள்ளேயே இந்த கதின்னா நாம குழம்புறதுல தப்பே இல்ல. இன்னைக்கு நீங்க மை போட வேண்டிய அவசியமே கிடையாது, அதை தாத்தா காலத்து லெட்டருக்கே விட்டுடுங்க.

## டியர் சார், டியர் மேடம்

1913 ஜனவரி 16, மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் அக்கவுண்ட்ஸ்ல வருஷத்துக்கு 20 பவுண்டு சம்பளத்துல கிளார்க்கா இருந்த ராமானுஜன் கேம்பிரிட்ஜ்ல இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதுறார். முதல் வரி "டியர் சார்", அடுத்து நேரா தன்னை அறிமுகப்படுத்திக்கிறார், நான் இன்ன ஆபீஸ் இன்ன சம்பளம்னு, அப்புறம் பக்கம் பக்கமா கணக்கு. ஹார்டி பிப்ரவரி 8ல எழுதின பதிலும் "டியர் சார்"தான். பேர் தெரிஞ்ச ரெண்டு பேர், ஆனா முன்பின் பாத்தது கிடையாது, அன்னைக்கு அதுதான் முறை.

இதைச் சொல்லி நம்ம பசங்க இப்பவும் புரொஃபசர்களுக்கு "டியர் சார்"னே எழுதுறாங்க, அதுதான் சிக்கல். இன்னைக்கு அமெரிக்காவுலயோ ஜெர்மனிலயோ இருக்கிற ஒரு புரொஃபசருக்கு சீட்டு கேட்டு மெயில் குவியுது, "டியர் சார்"னு பேரில்லாம வந்தா ஒரே மெயிலை நூறு பேருக்கு காப்பி பேஸ்ட் பண்ணி அனுப்பினதா அவர் நினைக்க எல்லா நியாயமும் இருக்கு. அந்த புரொஃபசர் பெண்ணா இருந்து நீங்க சார்னு போட்டுட்டா கதை முடிஞ்சுது. "டியர் புரொஃபசர்" போட்டு குடும்பப் பேரை போடுங்க, பிரிட்டன்ல எல்லா லெக்சரரும் புரொஃபசர் கிடையாது, அங்க டாக்டர்னு இருக்கான்னு அவங்க வெப்சைட் பக்கத்துல போய் பாத்துட்டு போடுங்க. சீனப் பேர்னா குடும்பப் பேர் முன்னாடி வரலாம், அதையும் கவனிங்க. அப்புறம் தயவு செஞ்சு "கிரீட்டிங்ஸ் ஆஃப் த டே" வேணாம், காசு வாங்கிட்டு எந்த பேப்பரையும் போடுற ஜர்னல்காரங்க அந்த வரியை எடுத்து நாசம் பண்ணி வச்சிருக்காங்க.

டியர் சார் எங்க சரின்னா, நிஜமாவே யார் படிப்பாங்கன்னு தெரியாத இடத்துல. இன்சூரன்ஸ் கம்பெனி கம்ப்ளெய்ன்ட் பிரிவு, டெண்டர் ஆபீஸ், ஏதோ ஒரு தூதரகம். அங்கயும் "டியர் சார் ஆர் மேடம்"னு ரெண்டையும் போட்டுடுங்க. லண்டன்ல இருக்கிற ஃப்ரெஷ்ஃபீல்ட்ஸ்ங்கிற பெரிய சட்ட கம்பெனி 2016லேயே "டியர் சர்ஸ்" எழுதுறதை நிறுத்திட்டாங்க, லாயருங்களே விட்டதை நாம கட்டிக்கிட்டு அழ வேணாம்.

## ரெஸ்பெக்டட் சார்

இதை கிண்டல் பண்றது ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மதிப்பிற்குரிய ஐயான்னு எழுதிப் பழகினவங்க இங்கிலீஷ்ல அதையே தேடுறது இயல்புதானே. ஜெர்மன்காரங்களும் ஃபார்மல் லெட்டர்ல "மிகவும் மதிப்பிற்குரிய"ங்கிற அர்த்தத்துலதான் ஆரம்பிப்பாங்க, டியருக்கு சமமான "லீப"வை தெரிஞ்சவங்களுக்கு மட்டும் வச்சிருக்காங்க. ஆக டியர் போடுறதுக்கு கை கூசுறவங்க உலகத்துல நாம மட்டும் இல்ல.

ஆனா எங்க எடுபடும்னு பாக்கணும். பிரின்சிபால், கலெக்டர் ஆபீஸ் மனு, யுனிவர்சிட்டி கன்ட்ரோலர், ஊர்ல பெரிய மனுஷங்க, இவங்களுக்கெல்லாம் ரெஸ்பெக்டட் சார் தாராளமா போடலாம், போடாட்டிதான் கவனிப்பாங்க. சென்னை ஐ.டி. ஆபீஸ்ல மேனேஜருக்கு போட்டா சிரிப்பாங்க, அவ்வளவுதான், நஷ்டம் ஒண்ணும் இல்ல. வெளிநாட்டுக்கு போகும்போது மட்டும்தான் இதுக்கு செலவு அதிகம், ஏன்னா அங்க இப்படி ஒரு வழக்கமே இல்லாததால, படிக்கிறவர் இதை மரியாதையா எடுத்துக்க மாட்டார், இந்தியாவுலேர்ந்து வந்த மொத்த மெயில் குப்பையில ஒண்ணுன்னு முதல் வார்த்தையிலயே ஒதுக்கிடுவார். உள்ள நல்ல விஷயம் இருந்தும் வீணாப் போகும்.

## ஹாய், ஹலோ

டீம்குள்ள, ஏற்கனவே ரெண்டு மெயில் போய் வந்த கிளையன்ட் கிட்ட, ஸ்டார்ட்அப் ஆளுங்க கிட்ட, ஹாய் போட்டு பேர் போட்டா போதும். அமெரிக்கா ஆஸ்திரேலியாவுல முதல் மெயில்லேயே கூட ஹாய் சகஜம். ஒரு சின்ன சூத்திரம், அவங்க உங்களுக்கு எப்படி எழுதினாங்களோ அப்படியே திருப்பி எழுதுங்க, அவங்க டியர்லேர்ந்து ஹாய்க்கு இறங்கினா நீங்களும் இறங்கலாம், நீங்க முதல்ல இறங்காதீங்க.

கஷ்டம் எங்க வரும்னா, ஹாய்க்கு அப்புறம் பேரை மட்டும் போட நம்ம ஊர் பெரியவங்களுக்கு கை வராது, படிக்கிற பெரியவங்களுக்கும் சுருக்குன்னு இருக்கும். ஐம்பத்தஞ்சு வயசு ஜி.எம்.முக்கு இருபத்தி மூணு வயசு பையன் "ஹாய் ராஜேந்திரன்"னு எழுதினா, பாலிசிப்படி சரி, ராஜேந்திரன் சார் மனசுப்படி சரியில்ல. "ஹாய் சார்"னு ஒண்ணு நாமளே கண்டுபிடிச்சு வச்சிருக்கோமே, அதை உள்ளூருக்குள்ள தைரியமா யூஸ் பண்ணுங்க, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

## வெறும் டியர்: "ஓகே டியர்", "ஹாய் டியர்", "தேங்க்யூ டியர்"

இப்ப வரலாம் நிஜப் பிரச்சனைக்கு.

நம்ம ஆளுங்க இதை ஏன் இவ்ளோ போடுறாங்கன்னு யோசிச்சா எனக்கு ஒண்ணு தோணுது. தமிழ்ல வாக்கியத்தை மொட்டையா முடிக்க மாட்டோம். சரிப்பா, வாம்மா, சொல்லுடா, பாருங்கன்னு கடைசியில ஒரு ஒட்டு போடாட்டி கோவமா பேசுற மாதிரி இருக்கும். இங்கிலீஷ்ல டைப் பண்ணும்போது "ஓகே"ன்னு மட்டும் போட்டா அந்த ஒட்டு இல்லாத குறை தெரியுது, அதுக்கு ஏதாவது போட்டாகணும், சிலர் "ஓகே பா"ன்னு போடுறாங்க, சிலர் "ஓகே டா", சிலர் "ஓகே ஜி", கொஞ்சம் ஸ்டைலா இருக்கட்டும்னு நினைக்கிறவங்க "ஓகே டியர்". அவங்க மனசுல அது வெறும் "மா"தான். சாயங்காலம் ஆறு மணிக்கு டீம் லீட் ஒருத்தர் "ரிப்போர்ட் அனுப்பிட்டியா டியர்"னு ஒரு பொண்ணுக்கு தட்டி விட்டுட்டு டீ குடிக்க போயிடுவார், இந்தப் பொண்ணு அதை பாத்துட்டு, ரிப்ளை டைப் பண்ணி, அழிச்சு, "எஸ் சார்"ல அந்த சாரை கொஞ்சம் அழுத்தி போட்டு அனுப்பும். அனுப்பினவருக்கு அந்த சார் ஏன் வந்ததுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

மா-வுக்கு வயசு உண்டு, உறவு உண்டு, பக்கத்து வீட்டு அம்மாவையும் மான்னு கூப்பிடுவோம், அஞ்சு வயசு குழந்தையையும் கூப்பிடுவோம். டியர் அப்படி பழகல. பேரில்லாம வந்தா இங்கிலீஷ்ல அதுக்கு பெரும்பாலும் ரெண்டே இடம்தான், ஒண்ணு நெருக்கமானவங்க, இன்னொண்ணு மேலேர்ந்து கீழ பேசுற தோரணை. ரெண்டாவதுக்கு ஊரறிஞ்ச உதாரணம் 2011 ஏப்ரல் 27, பிரிட்டிஷ் பார்லிமென்ட், பிரதமர் டேவிட் கேமரூன் எதிர்க்கட்சி எம்.பி. ஏஞ்சலா ஈகிளைப் பாத்து "காம் டவுன், டியர்"னு சொல்லிட்டார். அது அங்க டிவியில ஓடின ஒரு இன்சூரன்ஸ் விளம்பரத்து வசனம், ஜோக்குக்கு சொன்னேன்னு அவங்க தரப்புல சமாளிச்சாங்க, எடுபடல. ஆம்பளை பொம்பளையைப் பாத்து, அதுவும் அவங்க பேசிக்கிட்டு இருக்கும்போது சொன்னா அது "நீ சும்மா இரும்மா"ங்கிற மாதிரிதான் விழும். முதியோர் இல்லங்கள்ல நர்சுங்க வயசானவங்களை டியர், ஸ்வீட்டின்னு கூப்பிடுறதையே குழந்தையாட்டம் நடத்துறதுன்னு சொல்லி அங்கெல்லாம் வேணாம்ங்கிறாங்க, பேர் சொல்லி கூப்பிடுங்கன்னு டிரெய்னிங் கொடுக்கிறாங்க.

சரி, எங்க போடலாம்? பெண்கள் அவங்களுக்குள்ள, ஃப்ரெண்ட்ஸ் அவங்களுக்குள்ள, அத்தை பாட்டி சின்னப் பசங்களுக்கு, இங்கெல்லாம் ஒரு குத்தமும் இல்ல. பிரிட்டன்ல கடைக்காரம்மா "ஹியர் யூ ஆர், டியர்"னு மீதிச் சில்லறை கொடுத்தா அதுக்கு சிலிர்த்துக்க வேணாம், அங்க நாட்டிங்ஹாம் பக்கம் "டக்"குன்னு வாத்து பேர் சொல்லி கூப்பிடுவாங்க, நியூகாசில்ல "பெட்"டும்பாங்க, ஸ்காட்லாந்துல பெண்களை "ஹென்"னு கோழியாக்கிடுவாங்க. எல்லாம் நம்ம "கண்ணு" மாதிரி. அங்க போய் நீங்க திருப்பிச் சொல்லாம இருந்தா போதும்.

ஆபீஸ்ல ஆண் பெண்ணுக்கோ, பெண் ஆணுக்கோ, மேல இருக்கிறவங்க கீழ இருக்கிறவங்களுக்கோ வெறும் டியர் வேணவே வேணாம். எண்ணம் சுத்தமா இருக்கலாம், ஆனா ஃபார்வர்டு டெஸ்ட்ல இது நிக்காது. அதுக்கு பதிலா என்ன போடுறதுன்னா பேரை போடுங்க, "தேங்க்ஸ் பிரியா", முடிஞ்சுது. பேருக்கு எந்த ஒட்டும் தேவையில்ல.

முன்பின் தெரியாதவங்க "ஹலோ டியர்"னு மெசேஜ் பண்ணா ரெண்டு விதம். சாமான் விக்கிற வெளிநாட்டு சப்ளையர் சிலர் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க, அவங்க ஊர் கடை பாஷையோட மொழிபெயர்ப்பு அது, அதை அன்புன்னும் எடுத்துக்காதீங்க, அசிங்கம்னும் எடுத்துக்காதீங்க, ரேட்டை பேசுங்க. மத்தபடி ஃபேஸ்புக்ல வெளிநாட்டு இன்ஜினியர் போட்டோவோட வந்து "டியர்"னு ஆரம்பிச்சா பிளாக் பண்ணிட்டு வேற வேலையைப் பாருங்க. அதே மாதிரிதான் "டியர் கஸ்டமர்"னு தனி மொபைல் நம்பர்லேர்ந்து வர்ற எஸ்.எம்.எஸ்., இன்னைக்கு ராத்திரி 9.30க்கு கரண்ட் கட் பண்ணிடுவோம், இந்த நம்பருக்கு கூப்பிடுன்னு வந்து எத்தனை பேர் பணத்தை விட்டாங்க.

## டியர் ஆல், டியர் டீம்

கூட்டமா அனுப்புற மெயிலுக்கு இது போதும், யோசிக்க ஒண்ணும் இல்ல. ரெண்டு மூணு பேர்தான்னா பேரை வரிசையா போட்டுடுங்க, சீனியர் பேர் முன்னாடி. டியர் கைஸ் வேணாம், கூட்டத்துல யாராவது ஒருத்தர் முகம் சுளிப்பாங்க.

## எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு

| முதல் வரி | எங்க நல்லது | எங்க உதைக்கும் | தெரியாம வர்ற செலவு |
|---|---|---|---|
| டியர் போட்டு பேர் | வேலை, விசா, யுனிவர்சிட்டி, முதல் மெயில் | பொது இடத்துல வாக்குவாதம் பண்ணும்போது | பேரை தப்பா பிரிச்சா அவங்க அப்பாவுக்கு எழுதின மாதிரி ஆகும் |
| டியர் சார் ஆர் மேடம் | யார் படிப்பாங்கன்னே தெரியாத ஆபீஸ் | பேர் தெரிஞ்ச புரொஃபசர், ரெக்ரூட்டர் | கும்பல் மெயில்னு நினைச்சு ஒதுக்கிடுவாங்க |
| ரெஸ்பெக்டட் சார் | மனு, காலேஜ், உள்ளூர் அரசு ஆபீஸ் | வெளிநாடு | திறக்குறதுக்கு முன்னாடியே முத்திரை குத்திடுவாங்க |
| ஹாய் போட்டு பேர் | டீம், பழகின கிளையன்ட் | நம்ம ஊர் சீனியர் | வெளிய சொல்லாம மனசுல வச்சுப்பாங்க |
| வெறும் டியர் | ஃப்ரெண்ட்ஸ், வீடு | ஆபீஸ், புது ஆளுங்க | எச்.ஆர். வரைக்கும் போகலாம் |

## நம்ம பேர் பண்ற கலாட்டா

டியர் போட்டு பேர்தான் சேஃப்னு சொன்னேன், ஆனா எந்தப் பேர்? நமக்கு குடும்பப் பேர்னு பெரும்பாலும் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டுக்கு போகும்போது இனிஷியலை விரிச்சு அப்பா பேரை சர்நேம் கட்டத்துல போட்டுடுவோம். அதுக்கப்புறம் உலகம் பூரா நம்ம அப்பாவுக்குத்தான் லெட்டர் எழுதும். கே. செந்தில்குமார்ங்கிற பையனுக்கு கனடாவுலேர்ந்து அட்மிஷன் மெயில் "டியர் மிஸ்டர் கந்தசாமி"ன்னு வரும், வீட்ல கந்தசாமி அதை பாத்து எனக்கு எதுக்குடா காலேஜுன்னு கேப்பார். பேங்க் சாஃப்ட்வேர்ல இனிஷியல் போய் முதல் பேர் கட்டத்துல உக்காந்துட்டா "டியர் எஸ்"னு மெயில் வரும், யாரோ பாதியில டைப் பண்றதை விட்டுட்டு எழுந்து போன மாதிரி.

அதனால நீங்க எழுதுற மெயிலோட கடைசியில எப்படி கூப்பிடணும்னு நீங்களே காட்டிடுங்க. கீழ "செந்தில்"னு மட்டும் ஒரு வரி, அதுக்கு அடுத்த வரியில முழுப் பேர். அதைப் பாத்துட்டு அடுத்த மெயில் "டியர் செந்தில்"னு வரும். அதே மாதிரி தமிழ் ஆளுங்களுக்கு நீங்க எழுதும்போது மிஸ்டர் போட்டு ரெண்டாவது பேரை எடுக்காதீங்க, அது அப்பாவாவோ வீட்டுக்காரராவோ இருக்கலாம். உள்ளூர்ல "டியர் செந்தில் சார்", "டியர் கவிதா மேடம்" ரொம்ப நல்ல வழி, இங்கிலீஷ் இலக்கணத்துல இதுக்கு இடம் இல்லன்னு யாராவது சொன்னா சொல்லிட்டு போகட்டும்.

ஸ்பெல்லிங்ல ஒரு எச்சரிக்கை, நடுவுல ஏ வர வேண்டிய இடத்துல இன்னொரு ஈ விழுந்தா டியர் மான் ஆயிடும், சத்தம் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஸ்பெல் செக் இதை பிடிக்காது, ஏன்னா மானும் டிக்‌ஷனரில இருக்கு.

## வீட்டுக்குள்ள

கல்யாணம் ஆனவங்க, ஆகப் போறவங்க கேக்குறது, டியரா டார்லிங்கா. பழைய கருப்பு வெள்ளை படத்துல பங்களா வீட்டு ஹீரோயின் மாடிப்படியில இறங்கி வந்துக்கிட்டே டியர்னு கூப்பிடும், அந்த நினைப்புலயே நிறைய பேருக்கு அது நாடகமா தெரியுது. டார்லிங் அதை விட ஒரு படி மேல. தங்கம், குட்டி, கண்ணுன்னு இவ்ளோ கைவசம் இருக்கும்போது இங்கிலீஷ்ல தேடணுமான்னு எனக்கு ஒரு எண்ணம், ஆனா ரெண்டு பேருக்கும் பிடிச்சா யாரு கேக்கப் போறா. கணவன் மனைவிக்கு மெசேஜ்ல டியர் போட்டு பேரையும் போட்டா மட்டும் உஷார், "டியர் மீனா, உன் கிட்ட கொஞ்சம் பேசணும்"னு வந்தா அது ஆபீஸ் மெமோ மாதிரி இருக்கும், மீனா பயந்துடும்.

## தப்பா அனுப்பியாச்சு, இப்ப என்ன பண்றது

மேடமுக்கு சார்னு போயிருந்தா ஒரே ஒரு வரி சாரி சொல்லிட்டு விஷயத்துக்கு வந்துடுங்க, அதுக்குன்னு தனி மெயில் வேணாம், அடுத்து எப்படியும் எழுதுவீங்கல்ல, அதுல மேல போட்டா போதும். பேர் ஸ்பெல்லிங் தப்பா போயிருந்தாலும் அதே. ரெஸ்பெக்டட்னு வெளிநாட்டுக்கு போயிருந்தா விட்டுடுங்க, திருத்தப் போனா ரெண்டு தடவை கண்ணுல படும். ஆபீஸ்ல வெறும் டியர் போட்டு, அந்தப் பக்கம் பதில் திடீர்னு "நோட்டட்"னு ஒத்த வார்த்தையில வர ஆரம்பிச்சிருந்தா, தப்பா நினைக்காதீங்கன்னு பாரா பாராவா விளக்கம் எழுதாதீங்க, அது இன்னும் மோசமா போகும். அடுத்த மெசேஜ்லேர்ந்து பேரை மட்டும் போடுங்க. அவங்க நேர்ல வந்து கேட்டா, பழக்கத்துல வந்துடுச்சு, இனிமே வராதுன்னு சொல்லிட்டு வேலையைப் பாருங்க.